சோபாவுக்குப் பொருத்தமாகச் செடி வாங்கினால்

ஹாலில் ஒரு மூலை வெறுமையாக இருக்கிறது. அங்கே ஒரு பெரிய செடி வைத்தால் எடுப்பாக இருக்குமே என்று தோன்றுகிறது. போனில் படம் தேடுகிறோம். வெள்ளைச் சுவர், சாம்பல் நிற சோபா, பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு ஃபிடில் லீஃப் ஃபிக். அதே செடியை அதே மாதிரி வெள்ளைத் தொட்டியோடு வாங்கி மூலையில் வைத்தாயிற்று. இரண்டு மாதத்தில் அடியிலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, ஒரு குச்சியும் உச்சியில் நாலு இலையும் மிஞ்சுகின்றன. படம் எடுத்த வீட்டில் கேமராவுக்குப் பின்னால் ஒரு பெரிய ஜன்னல் இருந்திருக்கும். அது படத்தில் தெரியாதே.

அலங்காரச் செடி வாங்குவதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் குழப்பத்தில் தொடங்குகின்றன. எந்தச் செடி என்பதை அந்த இடத்தின் வெளிச்சம்தான் முடிவு செய்ய வேண்டும். சுவரின் நிறம், மரச்சாமான், திரைச்சீலை இதையெல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது தொட்டியை. நாம் தலைகீழாகச் செய்கிறோம்.

வெளிச்சத்தைக் கண்ணால் அளப்பது

நம் கண் எந்த வெளிச்சத்துக்கும் சட்டென்று பழகிக்கொள்ளும். அதனால்தான் அறை முழுக்க ஒரே வெளிச்சமாகத் தெரிகிறது. நடுப்பகல் வெயிலில் சுமார் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். ஜன்னலிலிருந்து நாலைந்து அடி தள்ளி வந்தாலே அது சில நூறுகளுக்கு இறங்கிவிடலாம். நமக்குப் பேப்பர் படிக்க அது போதும்; செடிக்கு அது கிட்டத்தட்டப் பட்டினி.

சரி, எப்படிப் பார்ப்பது? மதிய நேரத்தில், விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். ஓரம் கலங்கிய நிழல் என்றால் நடுத்தரம். நிழலே விழவில்லை என்றால், அந்த இடத்துக்கு ஸ்நேக் பிளான்ட், ஸீஸீ பிளான்ட் மாதிரி பொறுமைசாலிகள்தான் சரி. ஸீஸீ பிளான்ட் மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு போலத் தடித்த கிழங்குகளில் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும். இந்தப் பொறுமைசாலிகளும் இருட்டில் செழிப்பதில்லை, தாக்குப்பிடிக்கின்றன, அவ்வளவுதான். வளர்ச்சி வேண்டுமென்றால் மேலே ஒரு க்ரோ லைட் (செடி வளர்க்கவென்றே வரும் விளக்கு) மாட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளிச்சம் போதாத இடத்தில் வைக்கும் தவறு இரண்டு வகைச் செடிகளில் அடிக்கடி நடக்கிறது. ஒன்று, வெள்ளையும் பச்சையுமாக இலை கொண்ட வகைகள். வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது. வெளிச்சம் குறைந்தால் பல வகைகளில் புது இலைகள் மெல்ல முழுப் பச்சையாகிவிடும். எந்த அழகுக்காக வாங்கினோமோ அதுவே போய்விடும். மற்றொன்று, புத்தக அலமாரியில் வரிசையாக வைக்கும் சின்னச் சின்னச் சக்குலென்ட்கள், அதாவது சதைப்பற்றான இலை கொண்ட செடிகள். ரோஜாப்பூ மாதிரி அடக்கமாக வாங்கி வந்தது, கழுத்தை நீட்டி ஜன்னல் பக்கம் சாய ஆரம்பிக்கும். நீண்ட தண்டு திரும்பச் சுருங்காது.

ஓட்டை இல்லாத தொட்டி

இதில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். கருநீலத்தில் வழவழவென்று ஒரு செராமிக் தொட்டி, பார்த்ததுமே பிடித்துப்போய் வாங்கினேன். அடியில் ஓட்டை இல்லை. இரண்டு அங்குலத்துக்குக் கூழாங்கல் பரப்பி, மண் போட்டு, பீஸ் லில்லியை நட்டேன். கொஞ்ச நாளில் இலைகள் தொங்கின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். ஒருநாள் செடியைப் பிடித்துத் தூக்கியபோது அது வேரில்லாமல் கையோடு வந்தது. கீழே இருந்த மண்ணில் சாக்கடை நாற்றம்.

கூழாங்கல் போட்டால் தண்ணீர் வடிந்துவிடும் என்பது ரொம்ப நாளாக ஊறிப்போன நம்பிக்கை. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துத் தட்டையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றபிறகு அதையே நெட்டுக்குத்தாகத் திருப்பினால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சொட்டும். மண்ணும் இப்படித்தான்: அடிப்பகுதியில் ஒரு அளவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கல்லைப் போட்டால் அந்த ஈர அடுக்கு கல்லுக்கு மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும். போதாக்குறைக்கு மண்ணின் ஆழமும் குறைகிறது. ஓட்டையும் இல்லையென்றால் கல்லுக்கு நடுவே தேங்கியது எங்கேயும் போகாது.

அழகுத் தொட்டியை உறையாக வைத்துக்கொள்வதே சுலபம். செடி, நர்சரியிலிருந்து வந்த ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியிலேயே இருக்கட்டும். அதை அப்படியே உள்ளே இறக்குங்கள். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து ஊற்றி, வடியவிட்டு, திரும்ப வையுங்கள். அறைக்குப் புது பெயின்ட் அடித்தால் உறையை மட்டும் மாற்றினால் போதும், செடிக்கு ஒன்றும் தெரியாது.

மண்தொட்டி வேறு ரகம். அதன் சுவர் வழியாகவே ஈரம் ஆவியாகும், அதனால் சீக்கிரம் காயும். அடிக்கடி தண்ணீர் ஊற்றும் கை உள்ளவர்களுக்கு அது நல்ல துணை. வெளிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவருவது பூஞ்சை அல்ல, பெரும்பாலும் தண்ணீரிலும் உரத்திலும் உள்ள உப்பு. பழைய மரச்சாமான் உள்ள அறையில் அந்தப் பூப்பு அழகாகவே இருக்கும்; வெள்ளை வெளேரென்ற அறையில் அழுக்காகத் தெரியும்.

அளவு

‘வளரத்தானே போகிறது’ என்று சின்னச் செடிக்குப் பெரிய தொட்டி வாங்காதீர்கள். வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், வேர் அழுகும். தொட்டி மாற்றும்போது விட்டம் ஓரிரு அங்குலம் கூடினால் போதும். பெரிய தொட்டிதான் கண்ணுக்கு வேண்டும் என்றால், உள்ளே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் நர்சரித் தொட்டியை உயர்த்தி வையுங்கள்.

பார்வைக்கு, மொத்த உயரத்தில் தொட்டி மூன்றில் ஒரு பங்கு, செடி இரண்டு பங்கு என்பது நல்ல தொடக்கம். விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அகலத்தையும் பாருங்கள். மான்ஸ்டெரா கடையில் கைக்கடக்கமாக இருக்கும். காட்டில் மரம் பற்றி ஏறும் செடி அது. ஊன்றுகோல் கொடுக்காவிட்டால் பக்கவாட்டில் பரந்து நடைபாதையை மறித்துவிடும். மணி பிளான்ட்டும் ஏறுகொடிதான். தொங்கவிட்டால் இலை சிறுத்தே இருக்கும், கம்பத்தில் ஏற்றினால் பெரிதாகும். எந்தத் தோற்றம் வேண்டும் என்பதை முதலிலேயே யோசித்துவிடுவது நல்லது.

தொட்டியும் அறையும்

இலையில் கோடும் புள்ளியும் இருந்தால் தொட்டி ஒரே நிறத்தில் இருக்கட்டும். பூப்போட்ட திரைச்சீலைக்கு முன்னால் பொடி இலைப் பெரணியை வைத்தால் இரண்டுமே கண்ணில் நிற்காது; அங்கே அகன்ற, வெற்று இலைதான் எடுபடும். அடர்நிறச் சுவருக்கு முன்னால் கரும்பச்சை இலை காணாமல் போகும், வெளிர்பச்சை துலங்கும். நேர்கோடுகள் நிறைந்த நவீன அறையில் ஸ்நேக் பிளான்ட் சொல்லி வைத்தாற்போல் பொருந்தும். மெத்தையும் குஷனுமாக இருக்கும் அறைக்கு வளைந்து தொங்குபவை.

ஒரு அறையில் ஐந்தாறு விதத் தொட்டிகள் இருந்தால் அது கண்காட்சி அரங்கு மாதிரி ஆகிவிடும். நிறம் அல்லது பொருள், இரண்டில் ஒன்றாவது ஒத்துப்போகட்டும். அப்புறம், ஜன்னலுக்கு ஒன்று, டீபாய்க்கு ஒன்று என்று சிதறவிடுவதைவிட மூன்றை வெவ்வேறு உயரத்தில் ஒன்றாகக் கூட்டி வைப்பது எனக்குப் பிடிக்கும். தண்ணீர் ஊற்றவும் மறக்காது.

சில இடங்களை முதலிலேயே தவிர்த்துவிடுங்கள். ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்தில் இலை நுனி கருகும். மரத்தரையில் மண்தொட்டியை நேரடியாக வைத்தால் வட்டமாகக் கறை விழும். மணி பிளான்ட், பீஸ் லில்லி, மான்ஸ்டெரா, ஸீஸீ, அக்லோனிமா எல்லாவற்றிலும் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள் உண்டு. கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தையோ, எதையும் மென்று பார்க்கும் பூனையோ இருந்தால் எட்டாத உயரம்தான்.

ஒரு காசும் செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். வாங்க நினைக்கும் தொட்டியின் அளவுக்கு ஒரு அட்டைப்பெட்டியை அந்த மூலையில் ஒரு வாரம் வையுங்கள். வெயில் எத்தனை மணிக்கு அதைத் தொடுகிறது, எப்போது விலகுகிறது என்று பாருங்கள். அந்த ஒரு வாரத்தில் வீட்டில் யாரும் அதில் இடித்துக்கொள்ளவில்லை என்றால் நர்சரிக்குக் கிளம்பலாம்.