ஏதென்ஸின் ஆந்தை நாணயம்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பண்டைய கிரேக்க வெள்ளிக் காசுகளில் பலரும் தேடுவது, லாரியான் சுரங்க வெள்ளியைக் கொண்டு ஏதென்ஸ் நகரம் அச்சிட்ட நான்கு திராக்மா (பண்டைய கிரேக்கப் பண அலகு) மதிப்புள்ள நாணயத்தைத்தான். ஒரு பக்கத்தில் தலைக்கவசம் அணிந்த அதீனா தெய்வமும், மறுபக்கத்தில் ஆந்தையும், அதன் பின்னால் ஆலிவ் இலைகளும் சிறு பிறையும், முன்னால் ஆல்பா, தீட்டா, எப்சிலான் ஆகிய மூன்று எழுத்துகளும் இருக்கும். முதலில் எடை பாருங்கள், ஏறத்தாழ 17.2 கிராமிலிருந்து வெகுவாகக் குறைந்தால் சந்தேகிக்க வேண்டும்.

பிறகு அதீனாவின் கண்ணைக் கவனியுங்கள். முகம் பக்கவாட்டில் இருந்தும் கண் மட்டும் நம்மை நேராகப் பார்ப்பதுபோல் வாதுமை வடிவில் இருந்தால், அது பெரும்பாலும் கி.மு. 5ஆம் நூற்றாண்டுக்குரியது, கண்ணும் பக்கவாட்டாகவே தெரிந்தால் கி.மு. 4ஆம் நூற்றாண்டாக இருக்கலாம்.

அசல் நாணயம் சம்மட்டியால் அடித்து உருவாக்கப்பட்டது என்பதால், உருப்பெருக்கியில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடோ, பரப்பில் நுண்ணிய குமிழ்க்குழிகளோ தென்பட்டால் அது வார்க்கப்பட்ட போலி. ஆனால் உளிவெட்டைக் கண்டு மிரள வேண்டாம். உள்ளே செம்பு இருக்கிறதா என்று அக்கால வணிகர்களே வெட்டிப் பார்த்த தடம் அது, விலையைச் சற்றுக் குறைக்கும், அவ்வளவுதான். கவசத்தின் கொண்டை முழுதாகப் பதிந்த நாணயத்துக்கு மதிப்பு கூடும். பளபளக்கத் தேய்த்துக் கழுவியதற்கோ குறைந்துவிடும்.