கிட் கிதாரில் நெக் பொருத்தும்போது எங்கே தவறுகிறது?

கிட், அதாவது பிரித்த பாகங்களாக வரும் தொகுப்பு, வாங்கி எலக்ட்ரிக் கிதார் செய்பவர்கள் பெயிண்டுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியைக்கூட நெக்குக்கு (இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி) கொடுப்பதில்லை. நாலு திருகு போட்டு முடுக்கினால் வேலை முடிந்தது என்ற நினைப்புதான் காரணம். ஆனால் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கும், மேல் ஃப்ரெட்களில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) சுருதி சரியாக விழுமா, ஓரக் கம்பி விளிம்பைத் தாண்டி நழுவுமா என்பதெல்லாம் பாடியில் (கிதாரின் உடல்) உள்ள, நெக் உட்காரும் அந்தச் சின்னக் குழியில்தான் முடிவாகிறது. டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் பாணி கிட்களில் நெக்கை ஒட்டுவதில்லை, திருகித்தான் மாட்டுகிறோம். எத்தனை முறை வேண்டுமானாலும் கழற்றிப் பார்க்கலாம். இந்த வசதியைப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே பயன்படுத்திவிடுங்கள்.

பெயிண்ட் அடித்த பிறகு முதல் தடவையாக நெக்கை வைத்துப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. குழியின் சுவரில் ஏறிய பெயிண்ட் இடத்தை இறுக்கிவிடும். தட்டி உள்ளே இறக்கினால் ஓரத்தில் பெயிண்ட் பெயரும்; மெல்லிய சுவர் பக்கம் மரமே விரிசல் விடலாம். குழிக்குள் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். இறுக்கமாக இருந்தால் பக்கச் சுவரை மட்டும் லேசாகத் தேயுங்கள். குழியின் அடித்தளத்தில் உப்புத்தாளே படக் கூடாது. கையால் தேய்த்தால் ஓரம் உருண்டு, நெக்கின் சாய்வே மாறிவிடும்.

நெக் நேராக இருக்கிறதா என்பதைக் கண்ணளவில் முடிவு செய்யாதீர்கள். நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பள்ளமுள்ள துண்டு) இரண்டு ஓரப் பள்ளங்களிலிருந்து பிரிட்ஜின் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) ஓரச் சாடில்கள் (ஒவ்வொரு கம்பியும் உட்காரும் நகர்த்தக்கூடிய துண்டுகள்) வரை இரண்டு நூல் கட்டுங்கள். கடைசி ஃப்ரெட்டில் இரு பக்கமும் நூலுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். பிரிட்ஜுக்குத் துளை போடாத கிட் என்றால் நீளத்தையும் இப்போதே பாருங்கள். 648 மில்லிமீட்டர் ஸ்கேலில் (நட்டிலிருந்து சாடில் வரையான கம்பி நீளம்) நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரை 324. அங்கிருந்து மெல்லிய கம்பியின் சாடிலுக்கும் கிட்டத்தட்ட அதே 324. தடித்த கம்பிகளின் சாடில்கள் இன்னும் பின்னால் போக இடம் வேண்டும்.

அடுத்தது திருகு. அதிகமாகக் கெடுவது இங்கேதான். பாடியில் உள்ள துளையில் திருகு பிடிக்கவே கூடாது, கையால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பாடியிலும் மரை பிடித்தால், எவ்வளவு முடுக்கினாலும் நெக்கும் பாடியும் ஒன்றையொன்று நெருங்காது. நடுவே மயிரிழை இடைவெளி நின்றுவிடும். திருகு இறுகிவிட்டது போலத்தான் இருக்கும், மூட்டு இறுகியிருக்காது. நெக்கில் போடும் துளை இதற்கு நேர்மாறு: அங்கே மரை நன்றாகக் கடிக்க வேண்டும். வழக்கமாக வரும் 4 மில்லிமீட்டர் திருகுக்கு மேப்பிள் மரத்தில் 3 மில்லிமீட்டர் பிட் சரியாக இருக்கும். துளையே போடாமல் மேப்பிளில் திருகினால் மரம் பிளக்கும், இல்லாவிட்டால் திருகின் தலை முறியும். ஆழத்துக்கு ஒரு வழி: பின்பக்கத் தகடு, பாடி இரண்டிலும் திருகை நுழைத்து, குழிக்குள் எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்து, பிட்டில் அந்த அளவில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். டேப் இல்லாமல் இறக்கினால் பிட் ஃப்ரெட்கள் பதித்த முன்பலகையான ஃப்ரெட்போர்டைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். நெக்கைக் கிளாம்பால் பிடித்து, மரையில் சோப்பு தடவி, கடைசிச் சுற்றுகளைக் கையால் முடுக்குங்கள்.

சாடிலை அடிவரை இறக்கியும் கம்பி உயரமாகவே இருந்தால், பலர் உடனே நெக்குக்குள் இருக்கும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருகுகிறார்கள். அது நெக்கின் வளைவுக்கானது, சாய்வை மாற்றாது. சாய்வுக்கு வேண்டியது ஷிம், அதாவது நெக்குக்கு அடியில் குழியில் வைக்கும் மெல்லிய துண்டு. ஃபெண்டர் தொழிற்சாலையிலேயே ஷிம் வைத்ததுண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குழியின் பிரிட்ஜ் பக்க ஓரத்தைக் கால் மில்லிமீட்டர் உயர்த்தினாலே பிரிட்ஜில் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் தெரியும். ஆனால் விசிட்டிங் கார்டை வெட்டி ஓரத்தில் சொருகுவதை நான் ஏற்கமாட்டேன். நடுவே வெற்றிடம் விழும், நாளடைவில் நெக்கின் முனை வளைந்து கடைசி ஃப்ரெட்கள் மேலே எழும்பலாம். குழியின் நீளம் முழுக்க ஆப்பு போலச் சரிந்து வரும் மர ஷிம் வையுங்கள்.

கம்பிகளைச் சுருதிக்கு ஏற்றிய பிறகு நாலு திருகையும் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். கம்பியின் இழுப்பில் நெக் குழிக்குள் நன்றாக உட்காரும், சில சமயம் சின்னதாக ஒரு சத்தம்கூடக் கேட்கும். உடனே மறுபடி முடுக்கிவிடுங்கள். சாடில் உயரம், ட்ரஸ் ராட் எல்லாம் அப்புறம்தான்.