டேட்டிங் நினைவில் நிற்க: பணத்துக்கு முன் யோசிக்க வேண்டியவை

செலவு கூடினால் நினைவும் கூடும் என்று நம்பி, முதல் சந்திப்புக்கே விலை உயர்ந்த உணவகத்தைப் பிடிப்பவர்கள் உண்டு. அங்கே இரைச்சலில் பாதிப் பேச்சு காதில் விழாது. பில் வரும்போது எதிரில் இருப்பவருக்குக் கடன்பட்டதுபோல் கூச்சம் வரும். சினிமாவும் சரிவராது, பக்கத்தில் உட்கார்ந்தும் பேச வழியில்லை.

இருவருமே இதுவரை செய்யாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: களிமண்ணில் பானை வனைவது, அறியாத தெருக்களில் நடப்பது. கைக்கோ காலுக்கோ வேலை இருந்தால் நடுவில் வரும் மௌனம் உறுத்தாது. உளவியலாளர் ஆர்தர் ஏரன் குழுவினரின் 2000-ஆம் ஆண்டு ஆய்வில், வெறும் 7 நிமிடம் புதுமையான, உற்சாகமான பணியைச் சேர்ந்து செய்த ஜோடிகள், சலிப்பான பணி செய்தவர்களைவிட உறவில் கூடுதல் நிறைவை உணர்ந்தார்கள். ஒருவர் மட்டும் கைதேர்ந்தவராக இருக்கும் வேலை வேண்டாம், அது வகுப்பாகிவிடும்.

பேச்சில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நெருக்கம் எப்படி வளர்கிறது என்று பார்த்த ஏரனின் 1997 ஆய்வில், முன்பின் தெரியாதவர்கள் 45 நிமிடத்தில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளத் தரப்பட்ட கேள்விகள் 36. இலேசாகத் தொடங்கிப் படிப்படியாக ஆழமாகும். இந்த வரிசை முக்கியம். எடுத்த எடுப்பில் பழைய காதலைப் பற்றிக் கேட்டால் விசாரணைபோல் இருக்கும். கேட்ட கேள்விக்கு நீங்களும் பதில் சொல்லுங்கள். அவர் சொன்னதிலிருந்தே இன்னொரு கேள்வி கேட்டுவிட்டு, அப்புறம் வேறு பேச்சுக்குப் போங்கள். போன் பைக்குள் இருக்கட்டும்.

முதல் சில சந்திப்புகளுக்கு இரண்டு மணி நேரம் தாராளம். ஓர் அனுபவத்தை அதன் உச்சத்தையும் முடிவையும் வைத்தே பெரிதும் எடைபோடுகிறோம், நீளம் அவ்வளவாகக் கணக்கில் வருவதில்லை என்பதை உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினரின் 1993 ஆய்வு காட்டியது. எனவே பேச்சு சூடாக இருக்கும்போதே விடைபெறுங்கள். அழகான இடத்தைக் கடைசிக்கு வையுங்கள். யார் எவ்வளவு கொடுப்பது என்பதை முன்பே பேசிவிட்டால் கடைசி நிமிடங்கள் கணக்கில் கரையாது.

சில இடங்களில் கை இறுக்கம் கூடவே கூடாது: பத்திரமாக வீடு திரும்பும் வண்டி, பசித்தால் சாப்பாடு, மழை வந்தால் ஒதுங்க இடம். களைத்துப்போனவருக்குக் களைப்புதான் நினைவிருக்கும். நடக்கப் போகிறீர்கள் என்றால் அதை முந்தின நாளே சொல்லிவிடுங்கள், ஏற்ற செருப்போடு வருவார்.

மறுநாள் "நேற்று நன்றாக இருந்தது" என்று மட்டும் அனுப்பாமல், அவர் சொன்ன ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.