டெர்மினலில் முதல் கட்டளைகள்
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித்தரும்போது, உபுண்டு இயங்குதளத்தில் கண்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தி கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலைத் திறப்பதிலிருந்தே தொடங்குகிறேன். டாலர் குறிக்குப் பின்னால் துடிக்கும் கட்டம், 1989இல் வெளிவந்த பாஷ் என்ற ஷெல் (கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரல்) உங்கள் கட்டளைக்காகக் காத்திருப்பதைக் காட்டுகிறது. ஆங்கிலச் சிற்றெழுத்தில் 'பிடபிள்யூடி' எனத் தட்டி எண்டரை அழுத்தினால் நீங்கள் நிற்கும் கோப்புறையும், 'எல்எஸ்' எனத் தட்டினால் அதிலுள்ளவையும் தெரியும்.

வேறு கோப்புறைக்குள் செல்ல உதவும் 'சிடி'க்குப் பின் இடைவெளி விட்டு, 'பால்கணக்கு' என்ற கோப்புறையின் முதல் இரண்டெழுத்தை மட்டும் தட்டி டேப் விசையை அழுத்துங்கள். அப்படித் தொடங்கும் கோப்புறை வேறு இல்லையெனில், மீதியை ஷெல்லே நிரப்பிவிடும் (விரலுக்கும் மிச்சம்).

'ஆர்எம்' கட்டளையிடம் மட்டும் விளையாட வேண்டாம்: அது குப்பைத்தொட்டிக்கு அனுப்பாமல் நேரே அழித்துவிடும், என் ஒரு மாதப் பால் கணக்கு அப்படித்தான் போயிற்று. அந்தக் கட்டளைக்குப் பின் இடைவெளி விட்டு, சிறுகோட்டுடன் 'ஐ' சேர்த்தால், ஒவ்வொரு கோப்பையும் கேட்டுவிட்டே அழிக்கும்.