செட்டிநாட்டின் சிறு அருங்காட்சியகங்கள்: பழம்பொருள் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டு வீடுகளின் இரண்டாம் கட்டிலும் சாமான் அறைகளிலும் பூட்டிக் கிடக்கும் மங்குச் சாமான்கள் (பீங்கான் பாத்திரங்கள்), எனாமல் தூக்குகள், மரவைகள் (வண்ணம் பூசிய மரப் பாத்திரங்கள்), கொட்டான்கள் (ஓலைக் கூடைகள்), கணக்கேடுகள், கண்டாங்கிச் சேலைகள் ஆகியவற்றைத் திரட்டி, ஊரார் பார்க்கும்படி சிறு அருங்காட்சியகம் அமைக்க முன்வரும் குடும்பங்களும் ஊர்ச் சங்கங்களும் பாராட்டுக்கு உரியவர்கள். ஆயினும் இத்தகைய இடங்களில் பொருள்களுக்கு நேரும் கேடுகள் பல, நன்றாக வைக்க வேண்டும் என்ற ஆசையில் முறை அறியாமல் செய்யும் வேலைகளாலேயே வருகின்றன.

அவற்றுள் முதலாவது, பாத்திரங்களைப் பளபளப்பாக்குவது. திறப்பு விழா நெருங்கும்போது பித்தளை, வெண்கலப் பாத்திரங்கள் அனைத்தையும் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைப்பார்கள். புளியில் உள்ள அமிலம் அழுக்கோடு உலோகத்தின் மேற்பரப்பையும் சிறிது கரைத்து எடுத்துவிடுகிறது. செட்டிநாட்டுச் சீர்ப் பாத்திரங்களில் உடையவரின் விலாச எழுத்துகளும் (குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகள்) பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். எந்த வீட்டுப் பெண்ணுக்கு எந்தத் திருமணத்தில் வந்த சீர் என்பதைச் சொல்லக்கூடிய சான்று பல நேரங்களில் அந்தச் சில எழுத்துகள் மட்டுமே. ஆண்டுதோறும் தேய்த்தால் அவை மழுங்கி, பாத்திரம் வெறும் பாத்திரமாகிவிடும். மங்கிய பழுப்பு நிறம் உலோகத்துக்குக் கேடு செய்வதில்லை. மென்மையான தூரிகையாலும் உலர்ந்த பருத்தித் துணியாலும் தூசியை நீக்கினால் போதும். வெளிர் பச்சைப் பொடியாக உதிரும் இடங்கள் தென்பட்டால் மட்டும் அது அரிப்பு நோய் எனக் கொண்டு, அப்பொருளைத் தனியே உலர்ந்த பெட்டியில் வைத்து, சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளதைப் போன்ற வேதியியல் பாதுகாப்புப் பிரிவின் ஆலோசனையைப் பெற வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, பதிவேடு இல்லாமல் பொருள்களைச் சேர்ப்பது. ஒரு தூக்கு யாரிடமிருந்து வந்தது, எந்த ஊர், எந்த வீடு, எதற்குப் பயன்பட்டது என்பன கொடுத்தவரின் நினைவில் மட்டும் இருந்தால், அவருக்குப் பின் அத்தூக்குக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்குக் கிடைக்கும் தூக்குக்கும் வேறுபாடு இராது. பொருள் வாசலைக் கடந்து உள்ளே வரும் நாளிலேயே ஆண்டையும் வரிசையையும் சேர்த்து ஓர் எண் கொடுத்து, அளவு, இருக்கும் நிலை, கொடுத்தவர் சொன்ன செய்தி, நான்கு பக்கப் புகைப்படம் ஆகியவற்றைப் பதிய வேண்டும். பசையுள்ள ஸ்டிக்கரை ஒட்டுவதும் பெயிண்டால் எண் எழுதுவதும் கூடாது. சேலைக்குப் பருத்தி நாடாவில் எண் எழுதி ஓரத்தில் தளர்வாகத் தைக்கலாம். காகிதத்துக்கு மென்மையான பென்சில் ஏற்றது.

இங்கே செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். பெரிய வீடுகள் பலவும் அவற்றிலுள்ள பொதுச் சாமான்களும் பங்காளிகள் பலருக்கு உரியவை. அவர்களில் சிலர் சென்னையிலும் சிலர் கோலாலம்பூரிலும் இருக்கக்கூடும். ஊரில் இருக்கும் ஒருவர் மனமுவந்து கொடுத்ததை மட்டும் நம்பிக் காட்சிக்கு வைத்தால், பின்னாளில் இன்னொரு பங்காளி வந்து கேட்கும்போது பொருளும் உறவும் சேர்ந்து கெடும். நன்கொடையா, இரவலா, இரவல் என்றால் எத்தனை ஆண்டு, உரிமையுள்ள பிறர் இசைந்தார்களா என்பவற்றை ஒரு பக்கத் தாளிலாவது எழுதிக் கையொப்பம் பெறுவது இரு தரப்புக்கும் நல்லது. நூறாண்டு கடந்த சிற்பம், ஓவியம் போன்றவையும் 75 ஆண்டு கடந்த வரலாற்று, இலக்கியக் கையெழுத்துப் படிகளும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு உட்படுபவை. அவற்றில் அறிவிக்கப்பட்ட வகைகளை முறைப்படி பதிவு செய்ய வேண்டும். வந்த வழி தெரியாத கோயில் படிமத்தை, யார் இலவசமாகக் கொடுத்தாலும் ஏற்கக் கூடாது.

பேரேடு, ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு), கடிதங்கள் ஆகியவற்றின் கிழிசலைச் செல்லோடேப்பால் ஒட்டுவதும், பாதுகாப்பு என்று நினைத்து லேமினேட் செய்வதும் திருத்த முடியாத தவறுகள். ஒட்டுநாடாவின் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளுக்குள் ஊறிவிடும். லேமினேஷனைத் தாள் சிதையாமல் பிரிக்க இயலாது. அமிலமற்ற தாளில் பொதிந்து, படுக்கை நிலையில் அட்டைப் பெட்டியில் வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துவிட்டால், மூல ஏட்டை அடிக்கடி புரட்ட வேண்டிய தேவையே எழாது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களும் இதழ்களும், அவர் 1992இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாக அமைந்து இன்றும் பயன்படுகின்றன என்றால், பட்டியலிடுவதற்கும் நுண்படம் (மைக்ரோஃபிலிம்) எடுப்பதற்கும் அங்கே கொடுக்கப்பட்ட முதன்மை அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கண்டாங்கிச் சேலையை வளவை (உள்முற்றத்தை) பார்த்த சுவரில் விரித்து மாட்டினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒளியால் போன சாயம் மீளாது. துணிக்கும் காகிதத்துக்கும் 50 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) அளவு ஒளியே போதுமானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேலையை மாற்றி வைப்பதும் உதவும். அந்துருண்டையையும் பூச்சிமருந்துத் தெளிப்பையும் விட்டுவிடலாம், ஏனெனில் அவற்றின் ஆவி பொருளுக்கும் பார்வையாளருக்கும் தீங்கு செய்கிறது. பூச்சி அரித்த கொட்டானையோ துணியையோ பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் மூடி, கழித்தல் 18 பாகை செல்சியஸுக்குக் குறையும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் அறை வெப்பத்துக்கு வரும்வரை உறையைப் பிரிக்காமல் இருந்தால் பூச்சியும் முட்டையும் அழியும். மரவை போன்ற வண்ணம் பூசிய மரப்பொருள்களுக்கு இம்முறை ஏற்றதல்ல.

கட்டடத்தையும் மறக்கக் கூடாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளிவிடும் தன்மையது. அதன்மேல் சிமெண்ட் பூசி எமல்ஷன் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பெயர்ந்து விழும். அறையின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பது நல்லது.

இனி வரலாற்றைச் சொல்லும் முறை. கணக்கேட்டில் ‘பிரபவ வருஷம்’ என்று கண்டவுடன் 1927 என எழுதிவிடுகிறார்கள். அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1867ஆகவும் இருக்கலாம். தாள், மை, ஏட்டில் வரும் நாணயம், ஆட்களின் பெயர் ஆகியவற்றோடு ஒப்பிட்ட பிறகே ஆண்டைக் குறிக்க வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து முன்னோர் வந்த செய்தியை, நாட்டுக்கோட்டைச் செட்டியார்களாகிய நகரத்தாரின் மரபுவழிக் கூற்று என்று குறிப்பிடுவதே நேர்மை.

பர்மா பற்றிய குறிப்பட்டைகள் செல்வத்தை மட்டும் சொல்லி நின்றுவிடுவது எனக்கு உடன்பாடில்லை. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த செட்டியார்களின் நில உடைமை, பொருளாதார மந்தத்தில், உழவருக்குக் கொடுத்த கடன் திரும்பாததால் 1937இல் 25 விழுக்காடு ஆயிற்று. நிலத்தை இழந்த உழவரும், 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது உயிர் பிழைக்க நடந்தே இந்தியா திரும்பிய நம்மவரும் செட்டிநாட்டு வீடுகளைத் தாங்கும் பர்மாத் தேக்குத் தூண்களின் கதைக்குள் அடங்குவர். அவ்வாறே, தூணைச் செதுக்கிய ஆசாரி, சுவரைப் பூசிய கொத்தனார், கொட்டான் முடைந்த ஆச்சிமார், சமையற்கட்டில் உழைத்தவர்கள் ஆகியோரின் குடும்பங்கள் பக்கத்து ஊர்களிலேயே இருக்கின்றன. அவர்களை அழைத்துப் பொருள்களைக் காட்டி, ஒப்புதலோடு அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, அந்தப் பொருளின் பதிவெண்ணையே அப்பதிவுக்கும் இட்டு வைக்க வேண்டும்.