எண்ணெய் மையில் ஒரு புகைப்படம்: முதல் அச்சுக்கான செய்முறை

வெள்ளி உப்புகள் இல்லாமலே, தூரிகையும் அச்சு மையும் கொண்டு புகைப்படத்தை அச்சிடலாம். 1855-இல் பிரான்சில் அல்போன்ஸ் புவாதெவன் காட்டிய வழி இது. 1904-இல் இங்கிலாந்தில் ராலின்ஸ் இதைக் கலைஞர்கள் கையாளும் முறையாக ஆக்கினார். டைகுரோமேட் என்ற குரோமிய உப்பு ஏறிய ஜெலட்டின் ஒளி பட்ட இடத்தில் இறுகும். படாத இடம் தண்ணீரைக் குடித்து உப்பும். இறுகிய இடம் எண்ணெய் மையைப் பிடிக்கும், ஈரமான இடம் ஒதுக்கும். சூட்சுமம் அவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கை. பொட்டாசியம் டைகுரோமேட் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள்; தூளை எடைபோடும்போது முகக்கவசமும் வேண்டும். சமையல் பாத்திரங்களைப் பயன்படுத்தாதீர்கள். கழிவைச் சாக்கடையில் ஊற்றாமல், அபாயக் கழிவாக ஒப்படையுங்கள். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் வேறு முறையைத் தேடுவதே நல்லது.

முதலில் காகிதம். 100 மி.லி. குளிர்ந்த நீரில் 8 கிராம் ஜெலட்டினை ஊறவைத்து, இளஞ்சூட்டில் கரையுங்கள். கொதித்தால் உறையும் தன்மை குறைந்துவிடும். கனமான நீர்வண்ணக் காகிதத்தில் சீராகப் பூசி, சமதளத்தில் உறையவிட்டுக் காயவையுங்கள்.

அடுத்து, மங்கிய மஞ்சள் விளக்கொளியில் 3 சதவீத டைகுரோமேட் கரைசலைத் தூரிகையால் தடவி இருட்டில் உலர்த்துங்கள். அன்றே பயன்படுத்திவிட வேண்டும். வைத்திருந்தால் இருட்டிலும் இறுகும். அச்சின் அளவிலேயே உள்ள நெகட்டிவை மேலே வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டுங்கள். மஞ்சள் பரப்பில் பழுப்பு உருவம் தோன்றி, வெளிச்சப் பகுதிகளின் நுணுக்கமும் தெரியத் தொடங்கியதும் எடுத்துவிடலாம். மஞ்சள் முழுவதும் போகும்வரை குளிர்ந்த நீரில் அலசிக் காயவையுங்கள்.

இனிதான் உண்மையான வேலை. காகிதத்தை 20 முதல் 25 டிகிரி நீரில் ஊறவைத்து, மேற்பரப்பில் ஒரு துளியும் நிற்காதபடி ஒற்றியெடுங்கள். இறுக்கமான லித்தோ மையை (கல்லச்சுக்கான எண்ணெய் மை) கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பி, தட்டையான தூரிகை நுனியால் மிகக் குறைவாகத் தொட்டெடுத்து மெதுவாக ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது. மெல்ல ஒற்றினால் மை ஏறும். தூரிகையைத் துள்ளவிட்டுச் சடசடவெனத் தட்டினால் வேண்டாத மை கழன்று வெளிச்சப் பகுதி தெளியும். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யும்போதுதான் படம் எழுகிறது. எதை ஆழமாக்குவது, எதை மறைப்பது என்பதும் உங்கள் கையில் வந்துவிடுகிறது. இந்தச் சுதந்திரத்துக்காகவே இத்தனை சிரமமும் தகும் என்பேன்.

எங்கும் கருமை படிந்தால் காகிதம் காய்ந்திருக்கும், அல்லது மை இளகலாக இருக்கும்: ஈரப் பஞ்சால் துடைத்து, சற்றே வெதுவெதுப்பான நீரில் மீண்டும் ஊறவையுங்கள். மை ஒட்டவே மறுத்தால் ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு சேர்த்து மையை இளக்குங்கள். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் வெயில் போதவில்லை, அடுத்த தாளுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.