மேடையில் 'நம் மரபு' என்றால் எதைத் தோண்டிப் பார்ப்பது?

தமிழ்நாட்டில் எந்தக் கட்சியும் பழமையே வேண்டாம் என்று சொல்வதில்லை. எந்தப் பழமை என்பதில்தான் சண்டை. அதனால் ஓர் அறிக்கையோ வாழ்த்துச் சுவரொட்டியோ கைக்கு வந்தால், 'இவர்கள் மரபுக்கு ஆதரவா, எதிர்ப்பா' என்று தொடங்காதீர்கள். முதலில் தேதியைப் பிடியுங்கள்.

தமிழ்நாடு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் அ.தி.மு.க. அரசு நவம்பர் 1 என்றது. 2021-இல் தி.மு.க. அரசு ஜூலை 18 என்றது. இரண்டுமே மெய்யான தேதிகள்தான். 1956 நவம்பர் 1, மொழிவாரியாக மாநில எல்லை அமைந்த நாள்; அன்று ஆட்சி காங்கிரஸுடையது. 1967 ஜூலை 18, அண்ணா முதல்வராக இருந்தபோது 'தமிழ்நாடு' பெயர்மாற்றத் தீர்மானம் பேரவையில் நிறைவேறிய நாள். பெயர் நடைமுறைக்கு வந்ததோ 1969 ஜனவரி 14; அதை இருவரும் தொடவில்லை. பொங்கலன்று இன்னொரு விழா எடுபடாது என்று நினைத்தார்களோ என்னவோ. இப்படி ஒரு நிகழ்வுக்கு உரிமை கோரக்கூடிய தேதிகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அன்றைய ஆளுங்கட்சியைக் குறியுங்கள். ஏன் இந்தத் தேதி என்பது பெரும்பாலும் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, சொன்னது மேடைப் பேச்சா, அரசாணையா, சட்டமா என்று பிரியுங்கள். அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது. தை 1-தான் தமிழ்ப் புத்தாண்டு என்று 2008-இல் தி.மு.க. ஆட்சி சட்டமே இயற்றியது. 2011-இல் ஜெயலலிதா அரசு அதை நீக்கி, சித்திரை 1-க்குத் திரும்பியது. பழைய செய்தியை மட்டும் படித்தவர்கள் 2008 சட்டம் இன்றும் இருப்பதாக எழுதிவிடுகிறார்கள். சட்டம் இயற்றிய ஆண்டோடு நிறுத்தாமல், பின்னால் திருத்தமோ நீக்கமோ வந்ததா என்று அரசிதழில் தேடுங்கள். அதோடு, அதே கட்சி மீண்டும் ஆட்சிக்கு வந்து என்ன செய்தது என்றும் பாருங்கள். 2021-இல் திரும்பி வந்த தி.மு.க. சித்திரையோடு மறுபடி மல்லுக்கு நிற்கவில்லை. அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14-ஐ 2022 முதல் சமத்துவ நாளாக்கியது. சித்திரை 1 அன்று வீட்டில் கனி வைப்பவரைப் பகைக்காமல் அதே நாளுக்கு இன்னொரு பொருள் தருவது, நாளையே மாற்றுவதைவிடச் செலவு குறைந்த வழி.

மூன்றாவது வேலை, வெட்டப்பட்டதைத் தேடுவது. தமிழ்த்தாய் வாழ்த்தின் மூலத்தை, 1891-இல் வந்த சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்தில் எடுத்து, அரசு வடிவத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பரம்பொருளை உவமையாக்கும் அடிகளும், ஆரியம்போல் வழக்கொழியாதது தமிழ் என்னும் அடியும் 1970-இல் அரசு ஏற்ற வடிவத்தில் இல்லை. ஏற்றது கருணாநிதியின் அரசு! ஆரிய எதிர்ப்பு பேசிய கட்சி, எல்லோரும் பாட வேண்டிய பாட்டில் அந்த அடியை விட்டுவிட்டது. கட்சி மேடைக்கு ஒரு பழமை, கோட்டைக்கு ஒரு பழமை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் கணக்கு தப்பும்.

படங்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 2019-இல் தமிழக பா.ஜ.க. வள்ளுவருக்குக் காவி உடுத்தியபோது, 'உண்மையான வள்ளுவர் வெள்ளை உடுத்தியவர்' என்று பலர் பதில் எழுதினார்கள். அந்த வெள்ளை உடைப் படமும் வேணுகோபால் சர்மா 20-ஆம் நூற்றாண்டில் வரைந்ததுதான். வள்ளுவர் காலத்து உருவம் எதுவும் நம்மிடம் இல்லை. எனவே 'எது உண்மை' என்பதை விட்டு, 'எந்தப் படத்தை எந்த ஆண்டில் யார் ஏற்றார்கள்' என்று கேளுங்கள்.

சுவரொட்டியில் திருவள்ளுவர் ஆண்டு இருந்தால் அதையும் சரிபாருங்கள். ஆங்கில ஆண்டோடு 31 கூட்டினால் போதும் என்பார்கள். ஆனால் அது தை 1-இல் பிறப்பது. ஜனவரியின் முதல் இரண்டு வாரங்களுக்கு 30-தான் கூட்ட வேண்டும்.